வாளிக்குள் வெளுத்த சலாட்டும் வேலிக்கு வெளியே வல்லாரையும்

சிரம்பான் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில், என் கட்டில்மேல் ஒரு டிபன் மூடி இருந்தது. அதில் இரண்டு இலைகள். ஒன்று தோட்டத்திலிருந்து என் அண்ணி கொண்டுவந்த சலாட் கீரை. நானே வளர்த்தது, பாலாடை மாதிரி வெளுத்தது. இன்னொன்று பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாள் தன் சாப்பாட்டிலிருந்து எடுத்து வைத்த வல்லாரை. கரும்பச்சை, குதிரைக் குளம்பு வடிவம். ஜன்னல் வெளிச்சம் இரண்டின் மேலும் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இரண்டும் பச்சையாகத் தின்கிற இலைதான். ஆனால் வயிற்றுக்குள் போய் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா?

கண் போய்விடுமோ என்று படுத்துக் கிடந்தவளுக்கு இலையைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று நீங்கள் கேட்கலாம். என் கண்ணுக்கும் அந்த மூடியில் கிடந்த இலைகளுக்கும் சம்பந்தம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பகலில் மட்டும் எழுதுகிறேன். விளக்கு வைத்து எழுத இன்னும் எனக்கு அனுமதி இல்லை.

நான் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. அப்பாவும் அம்மாவும் லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறார்கள். வேலை கிடைத்ததும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணனும் அண்ணி பாக்கியமும் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர்கள். கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவள், கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பவள், ஒரு இடத்தில் உட்காராதவள். இதுதான் நான். "சரோவை ஒரு நாள் சும்மா உட்கார வச்சா எனக்கு ஒரு பொன்னாடை போத்துங்க" என்பாள் அண்ணி. அந்தச் சும்மா உட்காருதல் எனக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது, மரங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வீட்டு வரிசைகளாக இருந்த லயங்களைக் காலி பண்ணி, எல்லோரையும் ஒரே இடத்தில் கம்பி வேலிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். பழைய லயத்தில் வாசலுக்கு வாசல் முருங்கை, பின்பக்கம் கீரைப் பாத்தி, கோழி. புது இடத்தில் செம்மண்ணும் தகரக் கூரையும்தான். அரிசியை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. பொதுக் கொட்டகையில் ஆக்கிய சோற்றை வரிசையில் நின்று வாங்க வேண்டும். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பது சட்டம். சாயங்காலம் சங்கு ஊதினால் கேட் பூட்டு. அப்புறம் வேலியைச் சுற்றி விளக்குகள் எரியும்.

சோறு, கருவாடு, கருவாடு, சோறு. கீரை என்ற பேச்சே இல்லை. ஆனால் வேலிக்கு வெளியே, அண்ணி வெட்டுக்குப் போகிற ஓடைக்கரையில் வல்லாரை பாய் விரித்த மாதிரி கிடந்தது. ஒரு நாள் அவள் ஒரு பிடி பறித்து, காலி பால்வாளிக்குள் போட்டுக் கொண்டுவந்தாள். கேட்டில் காவல் நின்ற வேலு வாளியை எட்டிப் பார்த்தான். வேலு எங்கள் ஆள்தான், பக்கத்து லயத்தில் வளர்ந்தவன்.

"அக்கா, இது யாருக்கு?"

"உங்க மாமனுக்கு. வேற யாருக்கு? வீட்டுக்குத்தான்டா."

"எனக்குத் தெரியுது. எனக்கு மேல ஒருத்தன் நிக்கிறானே, அவனுக்குத் தெரியணும்லா. காட்டுல போய் இலை பறிச்சியே, அங்க யாரைப் பாத்தேன்னு கேப்பான்."

கேட்கவும் கேட்டார்கள். அண்ணியை வெயிலில் நிற்க வைத்துப் பெயரை எழுதிக்கொண்டார்கள். கீரை சாக்கடைக்குப் போனது. அதற்குப் பிறகு லயத்தில் எந்தப் பெண்ணும் குனிந்து ஒரு இலை பறிக்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? துரை பங்களா சமையல்காரரிடம் போய் நின்றேன். அவர் சலாட் விதை கொஞ்சம் கொடுத்தார். துரைகள் இதைப் பச்சையாகவே தின்பார்கள், உடம்புக்கு அவ்வளவு நல்லது என்றார். வளர்க்கிற முறையும் சொன்னார்: செடி கொஞ்சம் எழும்பியதும் இலைகளைச் சேர்த்துக் கட்டி மேலே எதையாவது கவிழ்த்துவிட வேண்டும்; வெயில் படாமல் உள்ளிலை வெளுத்து வந்தால்தான் கசக்காது, மேசைக்கு வைக்கலாம்; வெளியிலை வாத்துக்கு.

எங்கள் தோட்டத்தில் ஓட்டை விழுந்த பால்வாளிக்கா பஞ்சம்? வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி போட்டு, செடிக்கு ஒரு வாளி கவிழ்த்து வைத்தேன். லயமே வந்து வேடிக்கை பார்த்தது. "என்ன டீச்சரம்மா, குஞ்சு பொரிக்குதா உள்ளே?" என்று அண்ணி தினமும் கேட்பாள். வெளுத்து வந்த முதல் இலையைப் பார்த்தபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. கரும்பச்சை வெளியிலைகளைக் கிள்ளிப் பக்கத்து வீட்டு வாத்துக்கு எறிந்துவிட்டு, உள்ளிலையில் வினிகர்க் காடியும் உப்பும் தெளித்து அண்ணனுக்கும் அண்ணிக்கும் வைத்தேன். நானும் தின்றேன். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. அண்ணன் ஒரு வாய் மென்றுவிட்டு, "தண்ணி மாதிரி இருக்கு" என்று தள்ளி வைத்தான். அண்ணி மட்டும், அப்போதுதான் மாசமாகியிருந்தாள், என் மனசு நோகக் கூடாது என்று தட்டை வழித்துத் தின்றாள்.

மழைக்காலத்தில் எனக்கு வயிற்றுக்கடுப்பு வந்து நீடித்தது. அது நின்ற பிறகுதான் மற்றது தொடங்கியது. ஒரு நாள் கருக்கலில் குழாயடியிலிருந்து வரும்போது, நடைபாதையில் கிடந்த பலகையில் இடித்து விழுந்தேன். மறுநாளும். வேலி விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. எனக்கு விளக்கு தெரிந்தது; அது எதன்மேல் படுகிறது என்பதுதான் தெரியவில்லை. பகலில் ஒரு குறையும் இல்லை. கரும்பலகையில் புள்ளி வைத்தால் கடைசி வரிசையிலிருந்து தெரியும். சங்கு ஊதியதும் உலகம் சுருங்கி என் மூக்கு நுனிக்கு வந்துவிடும்.

கேட் பூட்டியிருக்கிறது, அதற்குள் வீடு பூட்டியிருக்கிறது, அதற்குள் நான். இப்படி ஒரு மூச்சுமுட்டல் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. வேலிக்குள் அடைபட்டவர்கள் எல்லோருக்கும் குறைந்தது பேசிக்கொண்டு உட்கார வாசல் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. சாயங்காலமானால் அண்ணிதான் கையைப் பிடித்துக் கக்கூசுக்கும் குழாயடிக்கும் கூட்டிப் போவாள். "மகாராணிக்கு நான் பல்லக்குத் தூக்கி" என்பாள். வயிறு தள்ளிக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர் கண்ணை விரித்துப் பார்த்து, "சூடு. புஸ்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வை" என்று சொட்டு மருந்து கொடுத்தார். சொட்டு எரிந்தது. கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல் வந்தது. பிறகு வெள்ளை விழியில் நுரை ஒட்டிய மாதிரி ஒரு பொட்டு. அதைப் பார்த்ததும் டிரெசர் பேச்சைக் குறைத்துக்கொண்டு சிரம்பானுக்குச் சீட்டு எழுதினார்.

எழுதினால் போதுமா? ரோட்டில் துப்பாக்கிச் சூடு நடந்திருக்கிறது, லாரி போகாது என்றார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிக் கொட்டகையில் படுத்து லாரிக்குக் காத்திருந்தேன். தினமும் காலையில் மூட்டையைக் கட்டுவேன், சாயங்காலம் அவிழ்ப்பேன். ஒவ்வொரு கருக்கலும் முந்தினதைவிடச் சீக்கிரம் வருகிற மாதிரி இருந்தது. அண்ணன் பில்லைப் பற்றிக் கவலைப்பட்டான். தோட்டத்துக் கணக்கு என்று ஆபீஸ் கிராணி சொன்ன பிறகும் நம்பவில்லை. நான் பில்லை நினைக்கவில்லை. கண் தெரியாத டீச்சரை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தோம். பெஞ்சில் உட்கார்ந்து, நகர்ந்து, உட்கார்ந்து, மத்தியானத்துக்குப் பிறகு கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. இளவயசு, கண்ணாடி போட்டவர். கண்ணைப் பார்த்த பிறகு என்னை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். முழுக்கச் சாத்தாமல் ஒரு விரல் இடுக்கு மட்டும் விட்டார்.

"கொஞ்ச நேரம் பேசாமல் இரும். பிறகு, நான் என்ன பிடிச்சிருக்கிறன் எண்டு சொல்லும்."

காத்திருந்தேன். "ஒண்ணும் தெரியலீங்க."

"நேர்ஸ், உமக்கு?"

"வெள்ளைத் துண்டு, டாக்டர்" என்றது என் பக்கத்தில் ஒரு குரல். அங்கே நர்ஸ் நிற்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெளிச்சத்துக்கு வந்ததும் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். இதற்கு மாலைக்கண் என்று பெயர். வெளிச்சம் குறைந்த இடத்தில் பார்ப்பதற்குக் கண்ணுக்கு ஒரு சத்து தேவை. அதுதான் விட்டமின் ஏ. அது சாப்பாட்டில் இல்லாமல் போய், இருந்த கொஞ்சத்தையும் வயிற்றுக்கடுப்பு கொண்டுபோய்விட்டது. கண்ணீர் ஊறுகிற இடமும் வறண்டுவிட்டது. அந்த நுரைப்பொட்டு அதன் அடையாளம். இத்தோடு நின்றால் திரும்பிவிடும்.

"நிக்காட்டி?" என்றேன்.

"கருவிழி காய்ஞ்சு புண்ணாகும். பிறகு இளகும். இளகினால் என்னால ஒண்டும் செய்யேலாது. அதுக்குத்தான் படுக்கச் சொல்லுறன்."

மீன் எண்ணெய் கொடுத்தார்கள். அதன் வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. புண் வராமலிருக்கக் கண்ணில் மருந்து போட்டுத் துணி வைத்துக் கட்டிவிடுவார்கள்; கட்டு இல்லாத நேரத்தில் வாசிக்கக் கூடாது, எழுதக் கூடாது, கட்டிலை விட்டு அலையக் கூடாது. ஜன்னலுக்குக் கம்பி. வெளியே ரோட்டில் ராணுவ லாரிகள் வரிசையாகப் போகிற சத்தம். கட்டுக்குள் இருக்கும்போது ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்: கட்டை அவிழ்க்கும்போது இதே இருட்டு அங்கேயும் இருந்தால்? அந்த நினைப்பு வந்தால் வாய்க்குள் வாய்ப்பாடு சொல்வேன். பதினேழாம் வாய்ப்பாட்டில் ஒவ்வொரு தரமும் தடுக்கி விழுவேன்.

பக்கத்துக் கட்டிலில் மக்சிக் தீமா; மக்சிக் என்றால் அத்தை. லிங்கிக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்துக்காரர். கண்ணில் சதை வளர்ந்து அறுவைக்குக் காத்திருந்தார். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது என் அரைகுறை மலாயும் அவருடைய சிரிப்பும். மகன் கொண்டுவருகிற சோற்றோடு எப்போதும் ஒரு கட்டு வல்லாரை. அவர்கள் பாஷையில் பெகாகா. தேங்காய் போட்டு இடித்த சம்பலில் தோய்த்துப் பச்சையாகவே தின்பார்.

"சிக்கு, மக்கான் லா," என்று என் பக்கம் நீட்டினார். டீச்சர், சாப்பிடு என்கிறார். நான் தயங்கியதும், "கம்பிங் பூன் மக்கான்" என்றார். ஆடுகூடத் தின்கிறதாம். ஆட்டைவிட மோசமாகப் போக எனக்கு மனசில்லை. வாங்கிக்கொண்டேன்.

அன்றுதான் அண்ணி வந்தாள். பாஸ் வாங்கி, லாரியில் குலுங்கி, சங்குக்கு முன் திரும்ப வேண்டிய அவசரத்தோடு. வெயிலிலிருந்து வார்டுக்குள் வந்தவள் வாசற்படியில் காலை இடித்துக்கொண்டாள். "வெளியே அவ்வளவு வெயில்" என்றபடி டிபனைத் திறந்தாள். என் சலாட்.

"கேட்டுக்கு வெளியே சாப்பாடு கொண்டுபோக விட்டானா வேலு?"

"மூடியைத் திறந்து பாத்தான். இதை எவனும் திங்க மாட்டான், கொண்டுபோன்னுட்டான்."

மக்சிக்குக்குப் புரியவில்லை, ஆனாலும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அண்ணி போன பிறகு அந்த மூடியில் இரண்டு இலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா பார்த்தால் என்ன தெரியும்? தலையணை உறைமேல் இரண்டையும் அழுத்தித் தேய்த்தேன். சலாட் ஈரத்தை மட்டும் விட்டது. வல்லாரை விட்டது போகாத கறை. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "இது உங்க வீட்டு உறையா? யார் வெளுக்கிறது?" என்று பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து டாக்டர் ரவுண்டு வந்தார். நான் முந்திக்கொண்டு கேட்டேன்.

"டாக்டர், இந்த ரெண்டுல எதுல சத்து கூட?"

அவர் வெள்ளை இலையை எடுத்துப் பார்த்தார். "இது ஏன் இப்பிடி வெளிறிப்போய்க் கிடக்கு?"

வாளி கவிழ்த்த கதையைச் சொன்னேன். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"இலையில மஞ்சளா ஒரு பொருள் இருக்கு. அதைத்தான் உடம்பு விட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். பச்சை மூடியிருக்கிறதால மஞ்சள் எங்கட கண்ணுக்குத் தெரியாது. வெயில் குடிச்ச இலையில ரெண்டும் கூட. நீர் வெயிலே காட்டயில்லை."

"அப்ப சலாட் ஒண்ணுக்கும் உதவாதா? வல்லாரைதான் நல்லதா?"

"அப்பிடி நான் சொல்லயில்லை. சலாட்டிலயும் வெளியிலை கரும்பச்சைதானே. அதை என்ன செய்தனீர்?"

"வாத்துக்கு."

"வாத்துக்கு நல்லாக் கண் தெரியும் எண்டு நினைக்கிறன்."

இப்போது மொத்த வார்டும் சிரித்தது. அவர் இன்னொன்றும் சொன்னார். அந்த மஞ்சள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கூடவே எண்ணெயோ தேங்காயோ போனால்தான் உடம்பில் சேரும். காடி தெளித்தால் நாக்குக்கு மட்டும்தான். நான் மக்சிக்கின் சம்பலைப் பார்த்தேன். தேங்காய்.

"வல்லாரையில சரியா எவ்வளவு இருக்கு, டாக்டர்?"

"எனக்குத் தெரியாது. பாத்துத்தான் சொல்ல வேணும். சலாட்டின்ர வெள்ளைக் குருத்தைவிட எத்தனையோ மடங்கு எண்டு மட்டும் துணிஞ்சு சொல்லுவன்." பிறகு உறையில் கிடந்த கறையைப் பார்த்தார். "நீர் டீச்சரோ? நல்லது. ஆனால் கண் இப்ப எண்ணெய் மருந்திலதான் திரும்ப வேணும். இலை, திரும்பின கண்ணைக் காப்பாத்த."

அன்று கட்டு போட்ட பிறகு நான் வாய்ப்பாடு சொல்லவில்லை. வாளிக்குள் இருக்கிற செடிகளை நினைத்துக்கொண்டு கிடந்தேன். அவற்றுக்கு எது பகல், எது இரவு?

ஒரு சாயங்காலம், விளக்கு போடுவதற்கு முன், ஜன்னல் கம்பிகள் தெரிந்தன. இருக்கும் என்று தெரிந்ததால் தெரிகிற மாதிரி இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டேன். மறுநாள் கட்டிலின் இரும்புக் கால், அதன் கீழே என் செருப்பு. அதற்கு மறுநாள் மக்சிக் என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினார். "நம்பாக்?" தெரிகிறதா என்கிறார். "நம்பாக், மக்சிக். லிடா பஞ்சாங்." தெரிகிறது, நாக்கு நீளம் என்றேன். அவர் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தாள். அதே இருட்டறையில் டாக்டர் மறுபடி சோதித்தபோது துண்டையும் சொன்னேன், நர்ஸ் நின்ற மூலையையும் சொன்னேன். கருவிழியில் புண் இல்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன்.

திரும்பும் லாரி கேட்டுக்கு வந்தபோது சங்கு ஊதப் போகிற நேரம். மரங்களுக்குக் கீழே மங்கிவிட்டது. எனக்கு எல்லாம் தெரிந்தது: கம்பி, கேட், வேலுவின் தொப்பி, குழாயடியிலிருந்து ஓடி வரும் சாக்கடை, அதன்மேல் பலகை. அண்ணி காத்துக்கொண்டு நின்றாள். வழக்கம்போலக் கையைப் பிடித்தாள்.

"வா, மகாராணி. பல்லக்கு ரெடி."

அவள் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நானும் கையைக் கொடுத்தேன். வீட்டுச் சுவர் ஓரமாகப் போகிற வரை சரியாக நடந்தாள். திரும்பும் இடத்தில், பலகை வலப்பக்கம் இருக்க, அவள் கால் நேராகச் சாக்கடை விளிம்பைத் தடவியது. நான் இழுத்துப் பிடித்தேன்.

"அண்ணி, பலகை இந்தப் பக்கம்."

"தெரியும், தெரியும்."

"உங்களுக்கும் தெரியலையா?"

அவள் காலைப் பலகைமேல் எடுத்து வைத்தாள். "மாசமா இருக்கிறவளுக்கு இப்படி வருமாம். பெத்ததும் போயிடும்னாங்க. இதைப் போய் யார்கிட்ட சொல்றது, நீயே அப்படிக் கிடந்தப்ப?"

"அப்ப என்னை எப்படித் தினமும் கூட்டிட்டுப் போனீங்க?"

"நான் சுவத்தைத் தொட்டுக்கிட்டுப் போனேன். நீ என்னைத் தொட்டுக்கிட்டு வந்தே. ரெண்டு பேரும் விழலையே."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளுத்த சலாட்டை அவள் வழித்துத் துடைத்துத் தின்ற தட்டுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் வாளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்தேன். கட்டுகளை அவிழ்த்தேன். வெளுத்த இலைகள் வெயிலைப் பார்த்துத் துவண்டு போயின. இனி வருகிற இலை பச்சையாக வரும். பிறகு கேட்டுக்குப் போனேன்.

"வேலு அண்ணே, இலை கொண்டுவரக் கூடாது. செடி கொண்டுவரலாமா?"

"என்ன செடி? பூச்செடியா? லயத்துல பூச்செடி வைக்கச் சொல்லி துரையே சொல்லியிருக்காரே."

"தரையில படர்ற செடி. வேரோட, மண்ணோட. பூவும் பூக்கும், சின்னதா."

அவன் என்னை நன்றாகப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "மண்ணோடன்னா செடிதான்," என்றான். "வாளியை மேலே திறந்தே வச்சுக் கொண்டு வா. எவன் கேட்டாலும் நான் பாத்துட்டேன்னு சொல்லலாம்."

அண்ணன் ஓடைக்கரையிலிருந்து கொடி பிடுங்கி வருகிறான். குழாயடியில் தண்ணீர் வழிகிற இடத்தில் நட வேண்டும். வல்லாரைக்கு ஈரம் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு பக்கம் வல்லாரை, ஒரு பக்கம் வாளி இல்லாத சலாட். இரண்டையும் தேங்காய்ச் சம்பலோடுதான் தின்ன வேண்டும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்கும் சொல்லப் போகிறேன். லயத்தில் வேறு யாரெல்லாம் சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிறார்கள் என்று சாயங்காலங்களில் ஒவ்வொரு வாசலாகக் கேட்கப் போகிறேன்; பெண்கள் என்னிடம் சொல்வார்கள்.

ஆனால் அண்ணி இலை தழைக்கும் வரை காத்திருக்க மாட்டாள். அடுத்த லாரியில் அவளுக்கும் எனக்கும் இடம் கேட்டிருக்கிறேன். அவள் வரமாட்டேன் என்கிறாள். வேலை போகும், வயிறு குலுங்கும், ஆயிரம் சாக்கு. டாக்டரம்மா அந்த இருட்டறைக்குள் அவளை நிற்க வைத்துத் துண்டைப் பிடிக்கட்டும். கதவின் இந்தப் பக்கம் நான் நிற்பேன். வெளியே வரும்போது அவள் கை சுவரைத் தேடினால், அங்கே என் கை இருக்கும்.